பாதி ஊஃபர், பாதி காற்று

தென் மாவட்டத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு அந்த மண்குடத்தைத் தெரியும். வில்லின் முதுகு அதன்மேல் சாய்ந்திருக்கும். பாடுபவர் வீசுகோலால் நாணை அடிக்க, அருகில் இருப்பவர் தட்டையான பட்டையால் குடத்தின் வாயில் அறைவார். மணிகளின் கலகலப்புக்கும் உடுக்கையின் துடிப்புக்கும் அடியில் 'தும்' என்று ஒன்று எழும். பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவரின் நெஞ்சுக்கூட்டையும் அது தொட்டுவிடும். அந்த ஒலியைத் தருவதில் மண்ணுக்கு இருக்கும் பங்கைவிடக் காற்றுக்கு இருக்கும் பங்கு பெரிது. பட்டை வாயில் விழுந்ததும் குடத்துக்குள் உள்ள காற்று சுருங்குகிறது, சுருங்கியது விரிகிறது, விரியும்போது வாயருகே நிற்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. ஒரு நொடிக்குள் இது ஏறக்குறைய நூறு முறை நடக்கிறது. காரில் பேஸ் எழுவதும் இதே காற்றின் வேலைதான்.

சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, சிவகாசி ஆகிய ஊர்களுக்கு நடுவே கரிசல் பூமியில் இருப்பது திருவேங்கடம். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து அதன் வட்டத் தலைநகரங்களில் ஒன்று. இதுபோன்ற ஊரில் ஒருவர் தன் காரின் டிக்கிக்குள் கார்பெட் ஒட்டிய ஊஃபர் பெட்டி வைக்க நினைத்தால், அது மூவர் கூடிச் செய்யும் வேலையாகிவிடும். பலகையை ஆசாரி அறுப்பார். கார்பெட்டைக் குஷன் கடைக்காரர் ஒட்டுவார். ஒயரை ஆட்டோ எலக்ட்ரீஷியன் இழுப்பார். மூவரும் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்களாக இருந்தும், முடிவில் பேஸ் சில கார்களில் இழைந்து வருகிறது, சில கார்களில் தகரத்தை அடித்தாற்போல் வருகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கடையில் காசு கொடுத்து வாங்குவது பாதி ஊஃபர். மறுபாதி, பெட்டிக்குள் நாம் அடைக்கும் காற்று. அந்தக் காற்றை எத்தனை லிட்டர் அடைக்க வேண்டும் என்று அளந்து செய்தவருக்கு ஊஃபர் முழுதாகக் கிடைக்கிறது.

காது கேட்கும் விலை

பேஸ் என்னும் கீழ்ச்சுருதி ஒலி ஏன் இத்தனை பெரிய கருவியைக் கேட்கிறது? முதல் காரணம் நம் காது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் மனிதக் காதின் கேட்கும் திறனை அளந்து வெளியிட்டார்கள். பின்னாளில் உலகத் தர அமைப்பு அதைத் திருத்திச் செப்பனிட்டது. அதன்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் ஒரு சுருதிக்கு இணையாக 50 ஹெர்ட்ஸ் சுருதியும் நம் காதில் விழ வேண்டுமானால், அது 70 டெசிபலுக்கும் மேலே போக வேண்டும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அப்படியானால் காது கேட்கும் விலை ஆயிரம் மடங்கைத் தாண்டுகிறது.

இரண்டாவது காரணம் காற்று. ஒரே வலிமையுள்ள ஒலியைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்ப, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்ற இடத்தில், 40 ஹெர்ட்ஸுக்கு 4 மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கு 16 மில்லிமீட்டர். கார் கதவில் இருக்கும் ஆறு அங்குல ஸ்பீக்கர் அவ்வளவு ஓடினால் கிழிந்துபோகும். அதனால்தான் அகலமான கூம்பும் நீண்ட தூரம் ஓடக்கூடிய ரப்பர் விளிம்பும் கொண்ட தனி ஊஃபர் தேவைப்படுகிறது.

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டோடு பேசிக்கொண்டே தன் வழியில் நடப்பதைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகக் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஆனாலும் அந்தச் சுரம் நமக்குக் கேட்பதுபோல் இருக்கிறது. 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக எழும் அதன் துணைச் சுருதிகளை வைத்து, அடியில் 41 இருந்திருக்க வேண்டும் என்று மூளை நிரப்பிக்கொள்கிறது. ஊஃபர் செய்வது, மூளை ஊகித்துக்கொண்ட அந்த அடித்தளத்தைக் காற்றில் நிசமாகவே எழுப்பித் தருவது. சுரம் முன்பே தெரிந்ததுதான். அதன் கனம் உடம்புக்கு அப்போதுதான் தெரிகிறது.

முதுகுப்பக்க ஒலி

இன்று நாம் பயன்படுத்தும் காந்தம், கம்பிச்சுருள், கூம்பு கொண்ட ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் வகுத்தார்கள். அந்த அமைப்பில் பிறவியிலேயே ஒரு சிக்கல் உண்டு. கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. கீழ்ச்சுருதி அலை மிக நீளமானது: 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். முப்பது சென்டிமீட்டர் கூம்பின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒன்றுமே இல்லை. முன்பக்க அழுத்தமும் பின்பக்கத் தளர்ச்சியும் விளிம்பிலேயே சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். பெட்டி இல்லாத ஊஃபரை மேசையில் வைத்து ஓட்டினால் கூம்பு படபடவென்று அடித்துக்கொள்ளும். பேஸ் மட்டும் வராது.

பின்பக்க ஒலியைச் சிறைவைப்பதே பெட்டியின் முதல் வேலை. அடைத்த கணமே அதற்கு இரண்டாவது வேலை ஒன்றும் வந்து சேர்கிறது. உள்ளே இருக்கும் காற்று கூம்பின் முதுகில் ஒரு ஸ்பிரிங்காக மாறுகிறது. பெட்டி சிறியதானால் ஸ்பிரிங் விறைக்கிறது, பெரியதானால் தளர்கிறது. எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் இதைத் தடையாகப் பார்க்காமல் வசதியாக எடுத்துக்கொண்டார். கூம்பைத் தாங்கும் விளிம்பை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, அடைத்த காற்றையே முதன்மையான ஸ்பிரிங்காக்கி, 1954-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தன் நிறுவனத்தின் முதல் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அலமாரி அளவுப் பெட்டியில் மட்டுமே வந்துகொண்டிருந்த ஆழ்ந்த பேஸ், புத்தகத் தட்டில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து வந்தது. டிக்கிக்குள் அடங்கும் இன்றைய மூடிய பெட்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

லிட்டர் கணக்கு

ஸ்பிரிங்கில் தொங்கும் எடை, தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஸ்பிரிங் விறைத்தால் வேகமாகும். மிருதங்கக் கலைஞர் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது இந்த விதியின்படிதான்: தோலின் எடை கூடுகிறது, சுருதி இறங்குகிறது. ஊஃபரின் கூம்பு சாதாரண ஸ்பீக்கரின் கூம்பைவிடக் கனமாக இருப்பதும் அதற்காகவே.

ஒவ்வொரு ஊஃபருடனும் ஒரு தாள் வருகிறது. பெரும்பாலும் பெட்டியோடு குப்பைக்குப் போகும் அந்தத் தாளில்தான் விஷயம் இருக்கிறது. அதில் மூன்று எண்களைத் தேட வேண்டும். எஃப்.எஸ். என்பது கூம்பின் சொந்த அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது லிட்டரில் கொடுக்கப்படும் ஓர் அளவு: கூம்பின் விளிம்புக்கு எவ்வளவு விறைப்போ, அதே விறைப்புள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது. க்யூ.டி.எஸ்., கூம்பு ஆடத் தொடங்கினால் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீலே 1961-இல் இந்த முறையை எழுதினார். பத்தாண்டுகள் அது அதிகம் பேர் கண்ணில் படவில்லை. 1971-இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழில் மறுபதிப்பானது; அதை ஒட்டி ரிச்சர்ட் ஸ்மால் தன் ஆய்வுகளை வெளியிட்டார். அதன்பிறகுதான் உலகம் முழுவதும் ஸ்பீக்கர் பெட்டி குத்துமதிப்பிலிருந்து கணக்குக்கு வந்தது.

மூடிய பெட்டிக்கான கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவரே போட்டுவிடலாம். ஓர் ஊஃபருக்கு எஃப்.எஸ். 30, வி.ஏ.எஸ். 60 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.45 என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 40 லிட்டர். அறுபதை நாற்பதால் வகுத்தால் 1.5; ஒன்று கூட்டினால் 2.5, அதன் வர்க்கமூலம் 1.58. இந்த 1.58-ஆல் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். கூம்பின் அதிர்வெண் 47 ஆகிறது. அடங்கும் எண் 0.71 ஆகிறது. 0.7 என்பது நல்ல இடம். அங்கே பேஸ் எந்தச் சுரத்திலும் துருத்தாமல் சமமாக இறங்கும்.

இடம் போகிறதே என்று அதே ஊஃபரை 20 லிட்டர் பெட்டியில் திணித்தால் என்ன ஆகும்? பெருக்கும் எண் சரியாக 2. அதிர்வெண் 60-க்கு ஏறிவிடுகிறது. அடங்கும் எண் 0.9. ஆழம் போய்விடும், 60-ஐச் சுற்றியுள்ள சுரங்கள் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில் 'டொம் டொம்' என்று கேட்கிற கார்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுவே. அதைச் சரிசெய்ய ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. பெரிதாவது அந்த 'டொம்' மட்டும்தான். விலை உயர்ந்த வாட் எத்தனை சேர்த்தாலும், இல்லாத லிட்டரை அது கொண்டுவராது.

குடத்தின் வாய்

இன்னொரு வழி, பெட்டியில் ஒரு வாய் திறப்பது. சிறைவைத்த பின்பக்க ஒலியை வீணாக்காமல், ஒரு குழாய் வழியே நேரம் பார்த்து வெளியே விட்டால் அது முன்பக்க ஒலியோடு சேர்ந்துகொள்ளும். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932-இல் காப்புரிமை பெற்றார். அதன் இயற்பியலை 1863-இலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன் நூலில் விளக்கியிருந்தார். வில்லுப்பாட்டுக் குடம் அதே இயற்பியலின் மண் வடிவம்.

குழாய்க்குள் உள்ள காற்று ஒரு எடை. பெட்டிக்குள் உள்ள காற்று அதைத் தாங்கும் ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். 20 லிட்டர் கொள்ளும் குடம், 10 சென்டிமீட்டர் அகல வாய், அங்கே அசையும் காற்று 10 சென்டிமீட்டர் உயரம் என்று எடுத்துக்கொண்டால், குடம் ஏறக்குறைய 110 ஹெர்ட்ஸில் முழங்கும். இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டுமானால் குடம் பெருக்க வேண்டும், அல்லது கழுத்து நீள வேண்டும். 40 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸில் பேச வைக்க, 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாய் ஏறக்குறைய 41 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அந்தக் குழாயே 4 லிட்டர் இடத்தைத் தின்றுவிடும் என்பதால் பெட்டியை அந்த அளவுக்குப் பெரிதாக்கியாக வேண்டும். நீளத்தைக் குறைக்க மெல்லிய குழாயைப் போட்டால், காற்று அதில் புஸ்ஸென்று சீறும்.

வாய் திறந்த பெட்டி, குறைந்த வாட்டில் அதிக ஒலி தரும். ஆனால் குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது; கட்டவிழ்ந்து ஓடி, கம்பிச்சுருள் அடிபடக்கூடும். அந்த அடிச்சுருதிகளை ஆம்ப்ளிஃபயரிலேயே வெட்டிவிடும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். மூடிய பெட்டிக்கு இந்தக் கவலை குறைவு. கணக்கில் சிறு பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். முதல்முறை செய்பவருக்கு என் பரிந்துரை மூடிய பெட்டியே.

காரும் ஒரு பெட்டி

மூடிய பெட்டியைப் பரிந்துரைக்க இன்னொரு வலுவான காரணம், காரின் கூடு. சிறிய காரின் உள்நீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகளின் பாதிகூட அதற்குள் அடங்காது. அப்போது ஒலி அலையாகப் பரவ இடமில்லாமல், கூட்டுக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அழுந்தித் தளர்கிறது. அதிர்வெண் குறையக் குறைய இந்த அழுத்தம் ஏறுகிறது: கணக்கின்படி பார்த்தால், அதிர்வெண் ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் 12 டெசிபல் வரை. மூடிய பெட்டியின் ஒலி, தன் அதிர்வெண்ணுக்குக் கீழே இறங்கும் வேகமும் அதே 12 டெசிபல். பெட்டி இழப்பதைக் கார் ஈடுகட்டுகிறது. தகரம் நெளிவதாலும் இடுக்குகள் கசிவதாலும் முழுதாக ஈடாகாது. ஆனாலும் வீட்டு அறையில் கிடைக்காத ஆழம் காரில் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. கண்ணாடியை இறக்கியதும் பேஸ் மெலிந்துவிடுவதும் இதனால்தான்.

செடான் காரில் டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவே தகரத் தடுப்பு இருக்கும். இருக்கையை மடக்கும் வழியோ பின்கண்ணாடியை ஒட்டிய தட்டில் திறப்போ இல்லாவிட்டால், அடித்த பேஸில் பெரும்பகுதி டிக்கிக்குள்ளேயே சுற்றும். ஹேட்ச்பேக் காரில் இந்தத் தொல்லை இல்லை.

ஆசாரியின் வேலை

இனி பலகைக்கு வருவோம். டிக்கியை அளக்கும்போது திறப்பின் அகலத்தை முதலில் அளக்க வேண்டும். உள்ளே இடம் இருந்தும் வாசல் வழியே நுழையாத பெட்டியால் பயனில்லை. ஸ்டெப்னி டயரை எடுக்கும் வழி மறையக் கூடாது. பின்னிருக்கை சாய்ந்திருப்பதால் பெட்டியின் ஒரு முகமும் சாய்வாக வரும். மேலே 16 சென்டிமீட்டர் ஆழம், கீழே 24 என்றால் கணக்குக்கு 20. உள்ளளவு 64 நீளம், 34 உயரம், 20 ஆழம் என்றால் பெருக்கித் தொகை 43.5 லிட்டர். ஊஃபரின் காந்தமும் கூம்பும் அடைக்கும் இரண்டரை லிட்டர், உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டம் ஒரு லிட்டர் கழிந்தால் நமக்கு வேண்டிய 40. சக்கரத்தின் மேடு வளைவை ஒட்டி ஃபைபர் கண்ணாடியில் பெட்டி வார்ப்பவர்கள், அந்தக் கோணல் வடிவத்துக்குள் தெர்மாகோல் மணிகளை நிரப்பி, அதை லிட்டர் படியால் அளந்து பார்த்தால் கொள்ளளவு கிடைத்துவிடும்.

பலகை ஏன் தடிமனாக இருக்க வேண்டும்? 12 அங்குலக் கூம்பு ஒரு சென்டிமீட்டர் உள்ளே வந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் காற்றை நெருக்குகிறது. 40 லிட்டர் பெட்டிக்குள் அது 1.7 சதவீத அழுத்த உயர்வு. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 64-க்கு 34 சென்டிமீட்டர் பலகையின்மேல் அந்த அழுத்தத்தைக் கூட்டினால் 38 கிலோ எடையின் தள்ளு. 40 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது நொடிக்கு 40 முறை பலகையை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிறது. மெல்லிய பலகை அப்போது தானும் ஒரு ஸ்பீக்கராகித் தப்பான ஒலியை எழுப்பும். பலகையின் விறைப்பு தடிமனின் முப்படியில் ஏறுகிறது. 12 மில்லிமீட்டருக்குப் பதில் 18 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் அதைவிடப் பெரிய பலன், மிகக் குறைந்த செலவில்.

எம்டிஎஃப் பலகை, மரநாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்வது. எங்கும் ஒரே சீராக இருக்கும். நீர் பட்டால் உப்பும். விளிம்பில் துளையிடாமல் திருகு ஏற்றினால் பிளக்கும். அறுக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் மூக்கு மறைப்பு வேண்டும். மழையில் டிக்கி ரப்பர் கசியும் பழைய காருக்கு நீர்தாங்கும் பிளைவுட் ஏற்றது. விறைப்பும் காற்றுக் கசிவின்மையும் இருந்துவிட்டால் எந்த மரம் என்று பேஸ் பார்ப்பதில்லை.

இணைப்புகளில் பசையும் திருகும், உள் மூலைகளில் சிலிகான். சிலிகானின் புளித்த நெடி முழுதும் போன பிறகே ஊஃபரைப் பொருத்த வேண்டும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஒரு நல்ல மாற்றம் நடக்கும். நெருங்கும் காற்று சூடாகி விறைக்கிறது. பஞ்சு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால் காற்று இளகுகிறது. கொள்கையளவில் பெட்டி 1.4 மடங்கு வரை பெரிதானதுபோல் நடந்துகொள்ளலாம். நடைமுறையில் அதில் ஒரு பகுதி கிடைக்கும். இடம் குறைந்த டிக்கிக்கு அதுவே பெரிது.

கார்பெட் எதற்கு?

கார்பெட் ஒட்டினால் பேஸ் மென்மையாகும் என்று நம்புகிறவர்கள் பலர். நார்ப்பொருள் ஒலியை நன்றாக விழுங்க வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தின் கால்பங்கை நெருங்க வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டு மீட்டருக்கும் மேல். 5 மில்லிமீட்டர் கார்பெட்டுக்குரிய அதிர்வெண் 17,000 ஹெர்ட்ஸ். பெரியவர்கள் பலருக்கு அது கேட்பதே இல்லை. எனவே பேஸுக்கு கார்பெட் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

அதன் உண்மையான பயன் வேறு. பலகை தகரத்தைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் அதிர்வு 'கிர்ர்' என்று பேசும். ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர் கேன் எல்லாமே பேஸ் வந்தால் தாளம் போடும். கார்பெட் இந்தத் தொடுதல்களுக்கு நடுவே மெத்தையாகி, ஆட்டத்தை நாரின் உராய்வில் கரைத்துவிடுகிறது. பலகை மூலைகளைச் சிராய்ப்பிலிருந்து காக்கிறது. வைத்த பொருள் வழுக்காமல் பிடிக்கிறது. தகரமே அதிரும் இடத்துக்கு கார்பெட் போதாது. அங்கே முதலில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பரை அழுத்தி ஒட்ட வேண்டும். அதன்மேல் கார்பெட்.

காருக்குரிய கார்பெட் நெய்யப்பட்டதன்று. பாலியஸ்டர் நார்களை அடுக்கி, முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னவைத்தது. பாவும் ஊடும் இல்லாததால் எந்தப் பக்கமும் இழுபடும். சக்கர மேட்டின் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. ரப்பர் பசையை பலகையிலும் கார்பெட்டின் முதுகிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். கரைப்பான் ஆவியாகி, இரு பக்கத்து ரப்பர் இழைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதற்கான பதம் அது. ஈரத்தோடு ஒட்டினால் ஆவி உள்ளே சிக்கிக் கொப்புளமாகும். அந்த ஆவி தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் கேடு. வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். அருகில் பீடியோ வெல்டிங்கோ வேண்டாம். கரிசல் காட்டு வெயிலில் மூடி நிற்கும் காரின் உள்ளே வெளியைவிட 20 டிகிரிக்கும் மேல் சூடு ஏறக்கூடும் என்பதால், வெப்பம் தாங்கும் பசையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் தையல் தெரியாமல் இருக்க ஒரு வழி: ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டையும் ஒரே வெட்டில் அறுத்து, கழிவை இரு பக்கமும் உருவிவிட வேண்டும். நாரின் சாய்வு எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் இருந்தால் நிறம் மாறித் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஊஃபரின் வளையம் உட்காரும் இடத்தில் கார்பெட் இருக்கக் கூடாது. நாரின் வழியே காற்று கசியும். மூடிய பெட்டி மூடாத பெட்டியாகிவிடும். அங்கே கார்பெட்டை வெட்டி எடுத்து, பலகைமேல் நேராக ஸ்பாஞ்ச் வளையம் வைத்து முடுக்க வேண்டும்.

ஒயரும் போல்ட்டும்

500 வாட் தரும் 'கிளாஸ் டி' வகை ஆம்ப்ளிஃபயர் முழுமூச்சில் ஓடும்போது, 80 சதவீதத் திறனோடு வேலைசெய்தாலும் பேட்டரியிலிருந்து 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஐந்து மீட்டர் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் அதிலேயே 30 வாட் சூடாக வீணாகும், கார்பெட்டுக்கு அடியில். 21 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 9 வாட்டுக்குள் அடங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பிக்கு மின்தடை இன்னும் அதிகம். பேட்டரியை விட்டு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். தகரத் துளையில் ஒயர் உரசிக் காப்புறை கிழியும் நாளில், தீயைத் தடுப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான்.

நாம் செய்த பெட்டி, ஊஃபரோடு ஏறக்குறைய 20 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், கட்டாத பெட்டி ஏறக்குறைய 280 கிலோ விசையோடு பின்னிருக்கையை நோக்கி வரும். அங்கே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் குழந்தைகளும் பெரியவர்களும். அதனால் பெட்டியை டிக்கியின் உறுதியான சட்டத்தோடு போல்ட்டில் முடுக்க வேண்டும். துளையிடுமுன் கீழே எரிபொருள் தொட்டியோ குழாயோ போகிறதா என்று காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட வேண்டும்.

கண்ணாடியைத் தாண்டி

பேஸ் அலையைத் தடுப்பது கடினம். ஒரு சுவர் ஒலியை மறிக்கும் திறன், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. பாட்டின் வரிகள் காருக்குள்ளேயே நின்றுவிட, அதன் அதிர்வு மட்டும் தெருவில் இறங்கித் தொட்டிலில் உறங்கும் பிள்ளையை எழுப்பும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இதை அளக்கும் கருவி காதின் இயல்பை ஒட்டியது என்பதால், 40 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறக்குறைய 35 டெசிபலைக் கழித்தே காட்டும். கருவியின் எண் வரம்புக்குள் இருந்தாலும் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரலாம். ஆகவே இந்த விஷயத்தில் சட்டத்தின் எண்ணைவிட நம் மனசாட்சியின் எண் தாழ்வாக இருக்க வேண்டும். காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்து மணி நேரமே மிச்சம்.

அளந்து செய்த பெட்டிக்கு அவ்வளவு சத்தம் தேவைப்படுவதும் இல்லை. பொருத்தி முடித்ததும், கைபேசிச் செயலியில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒரே சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போய்க் கேட்க வேண்டும். எங்கே தகரம் பேசுகிறது, எந்தச் சுரம் மட்டும் முட்டுகிறது என்பது தெரிந்துவிடும். பசை நன்றாகக் காய்ந்து நெடி போன பிறகு, பெட்டியின் இணைப்புகளை ஒட்டி ஊதுபத்தியைக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் புகை நடுங்கும்.

கடைசியாக ஒரு வேலை. பெட்டியின் அடியில், கார்பெட் மூடாத ஒரு மூலையில், மார்க்கரால் எழுதிவையுங்கள்: உள்ளளவு எத்தனை லிட்டர், மூடியதா குழாய் வைத்ததா, குழாயென்றால் அதன் விட்டமும் நீளமும், ஊஃபரின் மூன்று எண்கள், செய்த தேதி. நாளை ஊஃபர் பழுதாகி வேறொன்று வாங்கும்போது, அந்தப் பெட்டிக்குப் பொருந்துமா என்று கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். அடுத்த காருக்குப் பெட்டி செய்யும் ஆசாரிக்கும், போன பெட்டியில் 40 லிட்டர் நன்றாக வந்தது, 20 லிட்டர் வரவில்லை என்ற அறிவு எழுத்தில் நிற்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் கைத்திறனுக்கு என்றைக்கும் குறைவில்லை. அதோடு இந்த நான்கு வரிக் கணக்கும் சேர்ந்துவிட்டால், திருவேங்கடத்தில் செய்த பெட்டி எந்த நகரத்துக் கடைப் பெட்டியோடும் சமமாக நிற்கும்.